கே.ஆர்.பி. அணைக்கும் பாரூர் ஏரிக்கும் எந்த லீடர், எந்த டிப்பெட்?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணினார். "அண்ணா, ராடு, ரீல், லைன் மூணும் வாங்கிட்டேன், லீடர்னு தேடினா நூறு வகை வருது, எதை வாங்கறது?" போனில் அவருக்குச் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் ஃப்ளை ராடு, அதாவது இறகுப் பூச்சி கட்டி வீசும் தூண்டில், வாங்குகிற எல்லாரும் கடையில் முழித்துக்கொண்டு நிற்பது இந்த ஒரு சாமானுக்குத்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். லீடர் என்பது லைனுக்கும் பூச்சிக்கும் நடுவில் கட்டும் நரம்பு, டிப்பெட் அதன் நுனித் துண்டு, எக்ஸ் என்பது பருமன் கணக்கு, விவரம் கீழே வரும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, பாரூர் ஏரி மாதிரி நம் அணைகளுக்கும் ஏரிகளுக்கும் ஏழரை அடி நீளத்தில் 3 எக்ஸ் நைலான் லீடர் ஒன்று, முடிச்சு இல்லாத வகை. அதோடு 3 எக்ஸ் நைலான் டிப்பெட் ஒரு சுருள், 0 எக்ஸ் ஃப்ளூரோகார்பன் ஒரு சுருள். விராலுக்குப் போவதென்றால் இது எதுவும் வேண்டாம், தங்கூசி (சாதாரணத் தூண்டில் நைலான் நரம்பு) போதும். 5 எக்ஸ், 6 எக்ஸ், பன்னிரண்டு அடி லீடர் எல்லாம் மீனின் கண்ணுக்குப் பயந்து செய்தவை. நம் தண்ணீரில் நாம் பயப்பட வேண்டியது காற்றுக்கும் பாசிக்கும் கல்லுக்கும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் அந்தக் குண்டு கிடையாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பூச்சிக்குக் கனமே இல்லை, நாம் வீசுவது சேமியா பருமனில் இருக்கும் லைனைத்தான், பூச்சி அதன் பின்னால் போகிறது. மாட்டுச் சாட்டையைப் பாருங்கள், பிடிப் பக்கம் தடித்து நுனிக்கு வர வர மெலிந்திருக்கும், கையின் வேகம் நுனிவரைக்கும் போய்ச் சொடுக்கும். லீடரின் வேலையும் அதேதான். லைனோடு சேரும் அடிப்பக்கம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பருமன் இருக்கும், நுனியில் 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். இந்தச் சரிவு இல்லாமல் ஒரே பருமனில் மெல்லிய நரம்பை எட்டு அடிக்குக் கட்டினால் லைன் நீளமாகப் போய் விழும், பூச்சி மட்டும் நரம்புச் சுருளோடு பொத்தென்று ஒரே இடத்தில் விழும். டிப்பெட் என்பது கடைசி ஒன்றரை, இரண்டு அடி. பூச்சி மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிற பகுதி அது, அதனால்தான் தனிச் சுருளாக விற்கிறார்கள்.

இந்த எக்ஸ் கணக்குதான் எல்லாரையும் குழப்புகிறது. எண் பெரிதானால் நரம்பு மெலிது. இதை எனக்குப் புரியவைத்தவர் ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டும் ஒரு நண்பர். அவருக்கு மீனே ஆகாது, ஆனால் மைக்ரோமீட்டரை எடுத்து என் சுருள்களை ஒவ்வொன்றாக வைத்து அளந்துவிட்டு, "இது தவ் கணக்குங்க, பதினொண்ணுல இருந்து கழிச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர். 0 எக்ஸ் என்றால் 11 தவ், அதாவது 0.28 மில்லிமீட்டர். 3 எக்ஸ் என்றால் 8 தவ், 0.20 மில்லிமீட்டர். 5 எக்ஸ் என்றால் 6 தவ், 0.15 மில்லிமீட்டர். தாங்கும் எடை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனாலும் நைலானில் 5 எக்ஸ் 2 கிலோவை ஒட்டியும், 3 எக்ஸ் மூன்றரைக் கிலோவை ஒட்டியும், 0 எக்ஸ் ஆறரை, ஏழு கிலோவை ஒட்டியும் இருக்கும்.

எக்ஸ் என்ற பேர் வந்த கதை நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். நைலான் வருவதற்கு முன்னால் டிப்பெட்டைப் பட்டுப்புழுவிலிருந்துதான் எடுத்தார்கள். கூடு கட்டப் போகிற புழுவின் பட்டுச் சுரப்பியை எடுத்துக் காடியில் ஊறவைத்து இழுத்தால் ஒரே இழையாக நீளும், ஸ்பெயினில் முர்சியா பக்கம் இதுவே ஒரு தொழிலாக நடந்தது. அந்த இழையைச் சின்ன ஓட்டை வழியாக ஒரு தடவை இழுத்து மெலிதாக்கினால் ஒரு எக்ஸ், இரண்டு தடவை இழுத்தால் இரண்டு எக்ஸ். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் நடக்கும்போது பக்கத்தில் நின்றால் எனக்கு இந்த நினைப்புதான் வரும். 1938இல் நைலான் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகப் புழு இழை போய்விட்டது, கணக்கு மட்டும் நின்றுவிட்டது.

சரி, நீளத்துக்கு வருவோம். எங்கே தேடினாலும் ஒன்பது அடி என்றுதான் சொல்வார்கள். குளிர்ந்த, கண்ணாடி மாதிரி தெளிந்த ஓடையில் டிரவுட் மீனுக்கு அது சரிதான், லைன் விழும் சத்தம் மீனுக்குப் பக்கத்தில் கேட்கக் கூடாது. கே.ஆர்.பி. அணையின் நீர்மட்டம் முழுசாக நின்றால் 52 அடி, அது இறங்க இறங்கத் திறந்தவெளியாகக் கரை நீண்டுகொண்டே போகும், காற்றைத் தடுக்க ஒரு மரம் இருக்காது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம், அந்தக் காற்றுக்கு எதிரே ஒன்பது அடி லீடரும் இரண்டு அடி டிப்பெட்டுமாகப் பதினொரு அடியை விரித்துப் போட முடியாது. முதல் வருஷம் நான் படித்ததை அப்படியே நம்பி ஒன்பது அடி 5 எக்ஸ் வாங்கினேன். அந்த ஆடி மாதம் முழுக்கக் கரையில் உட்கார்ந்து சிக்கு எடுத்ததுதான் மிச்சம். காற்று அடிக்கும்போது டிப்பெட்டில் தானாக விழுகிற சின்ன முடிச்சைப் பலர் கவனிப்பதே இல்லை, அந்த ஒரு முடிச்சு நரம்பின் வலுவைப் பாதிக்குக் கொண்டுவந்துவிடும். ஏழரை அடிக்கு மாறியபோது என் வீச்சு மாறவில்லை, பூச்சி விழும் இடம் மட்டும் நேரானது. மார்கழி, தை மாதத்தில் காற்று அடங்கி விடியற்காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும் சில நாட்கள் உண்டு, அப்போது டிப்பெட்டை மட்டும் இன்னும் இரண்டு அடி நீட்டிக்கொள்ளலாம். அதற்காகத் தனி லீடர் வாங்க வேண்டியதில்லை.

பருமன் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, மாற்றுக் கருத்து உள்ளவர்களோடு மணிக்கணக்கில் பேசியும் இருக்கிறேன். ஒரு பழைய கணக்கு இருக்கிறது, முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் எத்தனை எக்ஸ் என்று வரும். 12ஆம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ், 6ஆம் எண் முள்ளுக்கு 2 எக்ஸ் (முள்ளிலும் எண் பெரிதானால் அளவு சின்னது). இது மீனின் எடையை வைத்துப் போட்ட கணக்கு இல்லை, பூச்சியின் அளவை வைத்துப் போட்டது. சின்னப் பூச்சிக்குத் தடித்த நரம்பு கட்டினால் அது தண்ணீரில் விறைத்து நிற்கும், பெரிய பூச்சிக்கு மெலிந்த நரம்பு கட்டினால் வீசும்போது முறுக்கிக்கொள்ளும். நம் ஏரிகளில் ஜிலேபிக்கு 10, 12ஆம் எண்ணில் சின்ன நிம்ஃப் பூச்சி (தண்ணீருக்குள் மூழ்கவிடும் வகை) போடுகிறோம், கணக்குப்படி 3 அல்லது 4 எக்ஸ் வரும். நான் 3 எக்ஸிலேயே நிற்கிறேன். காரணம், கால் கிலோ ஜிலேபிக்கென்று போட்ட பூச்சியை மூன்று கிலோ ரோகுவோ சாதாக் கெண்டையோ எடுத்துவிடும் நாள் வரும், வரும் என்று சொல்லிக்கொண்டுதான் வராது.

எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. கரையில் கல் பாவிய சரிவு, 5 எக்ஸ் டிப்பெட், மீன் கீழே இறங்கிக் கல்லோரமாக ஓடியது, நான் ராடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நரம்பு கல்லில் உரசி அறுந்தது. பக்கத்தில் பரிசலைக் கரையேற்றிக்கொண்டிருந்த பெரியவர் என் கையிலிருந்த மீதி நரம்பை விரலில் சுற்றிப் பார்த்தார். "ஏம்பா, தலைமயிரு கணக்கா நரம்ப வெச்சிகினு பெரிய மீன எப்டிப்பா நிறுத்துவ?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தென்பெண்ணை பெங்களூரு பக்கத்துக் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறது, ஆற்றில் மேலே உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை மலையாக எழும்பியதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், கே.ஆர்.பி.யில் பல மாதம் தண்ணீர் பச்சையாகவே கிடக்கும். ஓர் அடிக்குக் கீழே நம் கையே தெரியாத தண்ணீரில் 0.15க்கும் 0.20க்கும் உள்ள வித்தியாசத்தை மீன் பார்த்து ஒதுங்கும் என்று நான் நம்பவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். மீனைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுகிறவர்கள் மெலிந்த நரம்பு கட்டவே கூடாது. மெலிந்த நரம்பில் மீனை இழுத்துக்கொண்டு வரப் பத்து நிமிஷம் ஆகும், தடித்ததில் மூன்று நிமிஷத்தில் கைக்கு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, சித்திரை வெயிலில் பத்து நிமிஷம் போராடிக் களைத்த மீனைத் தண்ணீரில் விட்டால் அது நீந்திப் போகும், ஆனால் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

நைலானா, ஃப்ளூரோகார்பனா என்பதுதான் காசு செலவாகிற கேள்வி. ஃப்ளூரோகார்பன் சுருளின் விலை நைலானைப் போல் இரண்டு, மூன்று மடங்கு போகும். விற்கிறவர்கள் முதலில் சொல்வது, தண்ணீருக்குள் தெரியாது என்பது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவில், அதனால் தெரிவது குறைவு என்பது உண்மைதான். கலங்கிய தண்ணீரில் இந்த உண்மையால் நமக்கு ஒரு பயனும் இல்லை. நமக்குப் பயன்படுகிற குணம் வேறு: ஃப்ளூரோகார்பன் கடினமானது, கல்லில் உரசினால் சீக்கிரம் அறாது. தண்ணீரை உறிஞ்சாது. நைலான் உறிஞ்சும், நாள் முழுக்க நனைந்தால் கொஞ்சம் வலுவிழக்கும். வெயிலையும் ஃப்ளூரோகார்பன் தாங்கும், நைலான் வெயிலில் கெட்டுப்போகும். அப்புறம் அது கனமானது, தண்ணீரைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி, நைலான் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே அடியில் மேயும் கெண்டைக்கும் கல் பாவிய கரைக்கும் ஃப்ளூரோகார்பன். தண்ணீர் மேல் மிதக்கும் பூச்சிக்கு நைலான், ஏனென்றால் மூழ்கும் நரம்பு பூச்சியின் மூக்கைப் பிடித்துக் கீழே இழுக்கும். அதோடு நைலான் கொஞ்சம் இழுபடும், திடீரென்று மீன் அடிக்கும்போது அந்த இழுவை கைகொடுக்கும், முடிச்சும் நன்றாக உட்காரும். முழு லீடரையும் ஃப்ளூரோகார்பனில் வாங்காதீர்கள், வீண் செலவு. கல்லில் உரசுவது கடைசி இரண்டு மூன்று அடிதான், அந்த மெலிந்த நுனியை வெட்டிவிட்டு 0 எக்ஸ் ஃப்ளூரோகார்பன் கட்டினால் போதும்.

கடையில் வாங்குவதா, கையால் கட்டுவதா? இரண்டையும் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். முடிச்சில்லாத லீடர் ஒன்று சில நூறு ரூபாய், ஆன்லைனில்தான் கிடைக்கிறது, கிருஷ்ணகிரியில் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. தங்கூசி எல்லா ஊர் தூண்டில் கடையிலும் கிடைக்கும். நான் கட்டுகிற அளவு இது: 0.50 மில்லிமீட்டரில் 100 சென்டிமீட்டர், 0.40இல் 45, 0.30இல் 25, 0.25இல் 20, கடைசியில் 0.20 டிப்பெட் 50. மொத்தம் 240 சென்டிமீட்டர், எட்டு அடிக்கு இரண்டு விரல்கடை குறைவு. அறுபது பங்கு தடிப்பு, இருபது பங்கு சரிவு, இருபது பங்கு டிப்பெட் என்ற பழைய விகிதத்துக்கு இது ஏறக்குறைய வந்துவிடும். விரித்துப் போடுவதில் கடை லீடருக்கு இது குறைவே இல்லை. ஒரு எச்சரிக்கை, மலிவு நரம்பில் சீட்டில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். 0.30 என்று போட்டிருந்த ஒரு சுருளை ஓசூர் நண்பர் அளந்தபோது 0.36 காட்டியது, அதை 0.25ஓடு சேர்த்தால் முடிச்சு நிற்காது.

ஆனால் பாரூர் ஏரி மாதிரி இடத்தில் கையால் கட்டியது தோற்றுவிடுகிறது. நான்கு முடிச்சிலும் நான்கு கொத்துப் பாசி. ஒவ்வொரு வீச்சுக்கும் உட்கார்ந்து வழிக்க வேண்டும், ஆகாயத் தாமரை வேரில் முடிச்சு மாட்டினால் லீடரே போய்விடும். பாசி இருந்தால் முடிச்சில்லாதது, வெறும் தண்ணீரும் மண் கரையும் என்றால் தங்கூசி. மாதத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு ஒரு கடை லீடரே வருஷம் முழுக்க வரும், அதன் நுனியில் டிப்பெட் வளையம் என்ற 2 மில்லிமீட்டர் உலோக வளையம் ஒன்றைக் கட்டிவிட்டால். இந்த வளையத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பூச்சி மாற்றி மாற்றி லீடரின் நுனி குறையாது, வளையத்துக்குக் கீழே இருக்கும் டிப்பெட் மட்டும்தான் குறையும். நைலானையும் ஃப்ளூரோகார்பனையும் நேரடியாக முடிந்தால் கடினமானது மெத்தென்றதை அறுக்கும் என்ற கவலையும் இல்லை, இரண்டும் தனித்தனியாக வளையத்தில் கட்டப்படுகின்றன. வளையம் இல்லாவிட்டால் சர்ஜன் முடிச்சு போடுங்கள், இரண்டு நரம்பையும் சேர்த்துப் பிடித்து ஒரு வளையம் விட்டு அதற்குள் மூன்று தடவை நுழைத்து நான்கு நுனியையும் சேர்த்து இழுப்பது. எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலில் நனையுங்கள், உலர்ந்த நரம்பு உரசிச் சூடாகி அங்கேயே பலவீனப்படும், ஃப்ளூரோகார்பனில் இது இன்னும் மோசம்.

விரால் தனிக் கணக்கு. அது அல்லி இலைக்கு நடுவில் தவளை மாதிரிப் பூச்சியை அடிக்கும், அடித்தவுடன் கொடிக்குள் நுழையும், பல்லும் உண்டு. அங்கே சாட்டைச் சரிவைப் பற்றி யோசிக்க நேரமில்லை. 0.50 தங்கூசி மூன்று அடி, 0.40 இரண்டரை அடி, முடிந்தது. நுனியில் பூச்சியை இறுக்கிக் கட்டாமல் சின்ன வளைய முடிச்சாக விடுங்கள், தடித்த நரம்பிலும் தவளை ஆடும். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொப்பளித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் மட்டும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பெற்ற விரால் கீழே காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும், அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை.

ஒகேனக்கல் பக்கம் ராடோடு போகலாமா என்று தம்பி கேட்டார். அந்தக் காவிரிக் கரையில் பெரும்பகுதி காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், 2014இல் அறிவித்தது. அங்கே வேண்டாம். நீரில் முதலையும் உண்டு. அங்கே வாழும் திமில் மாசீர் அழிவின் விளிம்பில் நிற்கிற மீன். அணையிலும் ஏரியிலும்கூட யார் குத்தகை, எந்தச் சங்கம் என்று விசாரித்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏரியை ஏலம் எடுத்தவருக்கு அந்த மீன்தான் வருமானம்.

வாங்கியதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். நான் ஒரு கோடையில் இரண்டு நைலான் சுருளை வண்டி டிக்கியிலேயே விட்டுவிட்டேன், ஆவணியில் எடுத்து இழுத்தால் நூல் மாதிரிப் படக்கென்று அறுந்தது. வீட்டில் இருட்டான அலமாரியில் வையுங்கள். நைலானுக்கு வருஷம் ஒரு தடவை புதுச் சுருள், 3 எக்ஸ் ஒரு சுருள் எப்படியும் அதற்குள் தீர்ந்துவிடும். கொசு மருந்து தடவிய கையோடு லைனைத் தொடாதீர்கள், சில மருந்துகள் லைனின் மேற்பூச்சைக் கரைக்கும். கரைக்குப் போனதும் லீடரை இரண்டு கையாலும் மெல்ல இழுத்து ஒரு நிமிஷம் பிடித்தால் சுருள் போய்விடும். மீன் ஒன்று வந்ததும் கடைசி ஓர் அடியை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், சொரசொரப்புத் தட்டினால் யோசிக்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

வெட்டிய துண்டைக் கீழே போடாதீர்கள். ஃப்ளூரோகார்பன் மக்கவே மக்காது என்று வைத்துக்கொள்ளலாம், நைலானுக்கும் பல வருஷம் ஆகும். பாரூர்க் கரையில் ஒரு நாள் காலில் நரம்பு சுற்றிய கொக்கு ஒன்றைப் பிடித்துச் சிக்கெடுத்துவிட்டோம், நரம்பு தோலுக்குள் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து என் பையில் ஒரு காலி மாத்திரை டப்பா இருக்கிறது, மூடியில் சின்ன ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன், துண்டெல்லாம் அதற்குள். தம்பிக்கும் லீடரோடு சேர்த்து ஒரு டப்பா கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.